கடலில் மேயும் சக்களத்தி

அன்று கித்தேரி வேண்டுமென்றே குழம்பில் இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டாள். வாயில் வைத்தால் நாக்கு சுருண்டுகொள்ளும். அவள் புருஷன் இஞ்ஞாசி அந்தக் குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, உருட்டி உருட்டி உண்டு, தட்டையும் வழித்துவிட்டு, "நல்லாருக்கு" என்று சொல்லி எழுந்தான்.

கித்தேரிக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். வயிற்றுக்குள் யாரோ அடுப்பு மூட்டியதுபோல ஒரு காந்தல்தான் வந்தது. அவனுடைய நாக்கு செத்துப்போயிருந்தால்கூட அவள் தாங்கிக்கொள்வாள். சாகவில்லையே! அது நல்ல உயிரோடுதான் இருந்தது. இன்னொருத்தி வாயில் இருந்தது.

அந்த இன்னொருத்தி ஓர் ஆவுளியா. கடல்பசு என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் போட்டிருக்குமே, அதுதான் கண்ணுகளா. கொம்பும் கிடையாது, மடியும் கிடையாது. உடம்பு ஒரு சின்னப் படகளவு. முகத்தைப் பார்த்தால் இப்போதுதான் தூங்கி எழுந்ததுபோல இருக்கும். கடலுக்கடியில் வளர்கிற புல்லை மேய்ந்துகொண்டு, மூச்சுக்கு மட்டும் மேலே வந்து போகிற சாது. அதன்மேல் போய் ஒரு பெண்பிள்ளைக்குப் பொறாமையா என்று சிரிக்காதீர்கள். கித்தேரியின் இடத்தில் இருந்தால் தெரியும்.

சங்குமேட்டுக்காரர்களின் கடலைக் கெடுத்தது ஓர் ஆறு. கூனாற்றின் தலைமாட்டில், மலையடிவாரத்தில், அணுஉலைக் கழிவைத் தேக்கிவைத்த குளம் ஒன்று இருந்தது. ஒரு பெருமழையில் அதன் கரை உடைந்தது. தண்ணீர் வழக்கம்போலச் செந்நிறமாகத்தான் வந்தது. நாற்றம் இல்லை, நுரை இல்லை. புதுவெள்ளம் வந்தால் மீன் ஏறும் என்று ஊரே வலையோடு ஆற்றுவாய்க்கு ஓடியது. அந்த வண்டல் கடல்புல்லுக்குள் படிந்தது. புல்லிலிருந்து நண்டுக்கும் இறாலுக்கும், அதிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து பிள்ளைகளின் எலும்புக்கும் போனது. மீட்டரோடு ஆட்கள் வந்தபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. கடலை மூடினார்கள். படகுகளைக் கரையில் கவிழ்த்துப் போட்டார்கள். கடற்கரையில் குடியிருந்துகொண்டு, ஐஸ் லாரியில் வருகிற வெளியூர் மீனுக்கு வரிசையில் நின்றது அந்த ஊர்.

அப்போதுதான் டாக்டர் நஸ்ரின் கித்தேரியின் வீட்டுக்கு வந்தாள். ஊசி போடும் டாக்டர் இல்லை, கடலைப் படித்த டாக்டர். கீழக்கரைப் பெண், தலையில் முக்காடு, காலில் ரப்பர் செருப்பு, பேச்சில் ஒரு மரியாதை.

"அக்கா, அண்ணன் நாக்கு கொஞ்ச நாளைக்கு எங்களுக்கு வேணும்" என்றாள்.

கித்தேரி சிரித்துவிட்டாள். "அறுத்தா எடுத்துட்டுப் போவீங்க?"

"அய்யோ, இல்லக்கா. கடல்ல விஷம் எங்க கெடக்கு, எங்க இல்லன்னு தெரியணும். அதுக்குத்தான்."

"மீட்டர் வச்சிருக்கீங்களே, அத உள்ள எறக்கிப் பாக்க வேண்டியதுதான?"

"மீட்டர் அள்ளுன ஒரு கைப்பிடிக்குத்தான் பதில் சொல்லும். விஷம் திட்டுத்திட்டா கெடக்குக்கா, ஒவ்வொரு வெள்ளத்துக்கும் எடம் மாறுது. ஆனா ஒரு ஆவுளியா இருக்கு பாருங்க, அது பொழுதெல்லாம் மேயும், புல்லு முழுக்க வாய் வைக்கும். அதோட நாக்குல நாங்க சில உயிரணுவ நட்டிருக்கோம். கதிர்வீச்சு இருக்குற புல்லு அதுக்குக் கசக்கும். சுத்தமான புல்லு இனிக்கும்."

"அது வந்து ஒங்ககிட்ட சொல்லுமாக்கும்?"

"அதுக்குத்தான் ஒரு மனுஷ நாக்கு. தாடைக்கடியில ஒரு வில்லை ஒட்டுவோம். அதுக்குக் கசந்தா அண்ணனுக்குக் கசக்கும். அண்ணன் துப்புனா அதுவும் துப்பிட்டு வெலகிரும். இத எந்த மிஷினாலயும் படிக்க முடியலக்கா. ருசிய ருசிதான் படிக்குது. அண்ணன் சங்கு குளிச்ச ஆளு, மூச்ச அடக்கத் தெரியும். மத்தவங்க ஒட்டிக்கிட்டா, அது முங்குறப்ப மூச்சு முட்டிப் பதறிருறாங்க, அதுவும் மெரண்டு ஓடிருது."

"அப்ப வீட்டுச் சோறு?"

நஸ்ரின் கொஞ்சம் தயங்கினாள். "வேல முடியுறவரைக்கும் வீட்டுச் சோத்துல ருசி தெரியாதுக்கா. முடிஞ்சதும் வில்லைய மெதுவா எறக்குவோம். எல்லாம் திரும்ப வந்துரும்."

"உப்புக் கொறைஞ்சா கத்தாத புருஷன் யாருக்குக் கெடைப்பான்? கூட்டிட்டுப் போங்க" என்று கித்தேரிதான் கேலி பேசி அனுப்பிவைத்தாள். அந்தக் கேலியை நினைத்து எத்தனை தடவை தன் வாயிலேயே அடித்துக்கொண்டிருப்பாள்!

முதலில் அவன் களைத்துப்போய் வருவான். பிறகு சிரித்துக்கொண்டு வரத் தொடங்கினான். கரையோரக் கொட்டகையில் சாய்வு நாற்காலியில் பகல் முழுக்கக் கண்ணை மூடிக் கிடந்துவிட்டு, திருவிழாவுக்குப் போய்வந்தவன்போல வருவான்.

"கிழக்க தீவுக்குப் பின்னால ஒரு புல்லு இருக்கு கித்தேரி. இளநீ வழுக்கை தெரியும்லா, அதுல ஒரு சொட்டு பதநீ விட்ட மாதிரி. இன்னைக்கு அங்கதான் போனோம்."

"போனோமா?"

"ஆமா."

"ரெண்டு பேருமா?"

அவனுக்கு அந்தக் கேள்வியின் உள்குத்து புரியவில்லை. "பின்ன, நான் மட்டும் எப்படிப் போவேன்?" என்றான்.

ஐஸ் லாரி வரிசையில் பக்கத்து வீட்டு அமலி விடமாட்டாள். அவளுக்கும் பொழுது போக வேண்டுமே. அவள் மகன் கடல் மூடியதும் கேரளாவுக்கு ஐஸ் ஆலை வேலைக்குப் போனவன்; கிறிஸ்துமஸுக்குக்கூட வருவதில்லை. "என்ன மயினி, சக்களத்திக்கு இன்னைக்கு என்ன மேய்ச்சலாம்? ஒங்க வீட்டு அண்ணாச்சி பல்லுல புல்லு ஒட்டியிருந்தா சொல்லுங்க, நான் குச்சி தாரேன்." வரிசையே சிரிக்கும். கித்தேரியும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே ஐஸுக்குள் கையை விட்டு மீனைப் பொறுக்குவாள். விரல் விறைத்துப்போகும், நெஞ்சு மட்டும் குளிராது.

வெளிக்கடல் முழுவதும் சுத்தமாகிவிட்டது என்று நஸ்ரின் ஊர்க்கூட்டத்தில் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. ஆற்றுவாய் ஒன்றுதான் பாக்கி. அங்கே மட்டும் இன்னும் கசக்கிறது என்று இஞ்ஞாசி சொல்லிக்கொண்டே இருந்தான். அங்கே பொரிக்கிற மீன்குஞ்சுதான் எங்கும் போகும் என்பதால், அது ஒன்று தெளிகிறவரை கடல் முழுவதும் மூடியே கிடக்கும். அது தெளிந்தால் படகு இறங்கும், வில்லையும் இறங்கும். புருஷன் வீடு திரும்புவான். ஊரில் எல்லோரும் கடலுக்காகக் காத்திருந்தார்கள். கித்தேரி ஒரு நாக்குக்காகக் காத்திருந்தாள்.

மாதா கோயில் பத்தாம் திருநாள் வந்தது. அன்றைக்கு மட்டுமாவது மத்தியானம் வீட்டில் இருங்கள் என்று கேட்டிருந்தாள். சரி என்றிருந்தான். பூசை முடிந்து அவள் வீட்டுக்கு வந்து, சீலா மீனை வறுத்து, தேங்காயை அரைத்து ஊற்றி, குழம்பை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தால் ஆளைக் காணோம். சட்டை கொடியில் தொங்குகிறது.

தூக்குவாளியில் சோற்றைப் போட்டு எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். திருநாள் என்பதால் அங்கே வேறு ஆளில்லை. சுவரிலிருந்த திரையில் கடல் வரைபடம். அதில் ஒரு பச்சைப் புள்ளி மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. நாற்காலியில் அவன். கண் மூடியிருந்தது. வாய் மெதுவாக, பல் இல்லாத குழந்தை மெல்லுவதுபோல மென்றுகொண்டிருந்தது. கன்னத்தில் ஒரு குழி விழுந்திருந்தது. கல்யாணமான புதிதில் அவள் பார்த்த குழி அது. அதற்கப்புறம் அந்தக் குழி எங்கே போயிற்று என்று அவள் தேடாத நாளில்லை.

"மெதுவா பவளம்" என்றான் அவன். "யாரு பறிச்சுட்டுப் போறா? மெதுவாத் தின்னு."

பவளம்! அது கித்தேரியின் பேர், கண்ணுகளா. அவளுடைய அம்மை அப்பன் வைத்ததில்லை, அவன் வைத்தது. பாசி எடுக்கக் கடலில் முங்கி எழுந்த பெண்ணைப் பார்த்து, அவள் உதட்டைப் பார்த்து, அவன் தனியாக இருக்கும்போது மட்டும் கூப்பிட்ட பேர். பிள்ளைகள் பிறந்து வளர்ந்து கட்டிக்கொடுத்துப் போவதற்குள் அந்தப் பேர் எங்கோ தொலைந்திருந்தது. தொலையவில்லை, இடம் மாறியிருந்தது.

தூக்குவாளி கையைவிட்டு விழுந்தது. குழம்பு தரையில் ஓடியது. அவள் இரண்டே எட்டில் போய், அவன் தாடைக்கடியில் விரலை விட்டு, அந்த வில்லையைப் பிய்த்து எறிந்தாள்.

அவன் போட்ட சத்தத்தைக் கேட்டு வெளியே கட்டிக்கிடந்த ஆடுகள் மிரண்டன. வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியிலிருந்து உருண்டான். பழுக்கக் காய்ச்சிய இரும்பை நக்கியதுபோல இருந்தது என்று பின்னால் சொன்னான். நஸ்ரின் ஓடிவந்தபோது அவன் தரையில் கிடந்தபடியே திரையைக் கைகாட்டினான். பச்சைப் புள்ளி நேராக ஆற்றுவாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

நஸ்ரின் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா பண்ணிட்டீங்க? அவ நெறமாசம். குட்டி போட ஆழமில்லாத எடம் தேடுவா. ஆத்துவாய்தான் இருக்கறதுலயே ஆழமில்லாதது. அண்ணன்தான் துப்பித் துப்பித் தடுத்துட்டிருந்தாரு. பெத்த பசியில கசப்புன்னும் பாக்காம அந்தப் புல்லத் தின்னா அது பால்ல எறங்கும். குட்டி குடிக்கும்."

 நிறைமாதம் என்ற சொல் கித்தேரியை ஒரு குத்து குத்தியது. அதைக்கூட அவன் வீட்டில் சொன்னதில்லை.

இஞ்ஞாசியின் நாக்கு இரண்டு நாள் எரிந்தது. மூன்றாம் நாள் கித்தேரி கஞ்சியில் கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய் வைத்துக் கொடுத்தாள். ஒரு வாய் வைத்ததும் அவன் கண் விரிந்தது.

"புளிக்குது" என்றான்.

எத்தனை காலமாக அவள் எதிர்பார்த்திருந்த சொல்! ஓடிப்போய் இன்னும் ஒரு துண்டு எடுத்து வந்தாள். அதற்குள் அவன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாக்கு வந்துவிட்டது. ஆள் வரவில்லை.

அன்று மாலையே நஸ்ரின் வந்தாள். இரண்டு பேரை உட்காரவைத்துப் பார்த்தாளாம். இரண்டு பேருக்கும் மூச்சு முட்ட, ஆவுளியா மிரண்டு சுற்றுகிறதாம். ஆற்றுவாய் எல்லையில் நிற்கிறது, இன்னும் உள்ளே போகவில்லை, எந்த நேரமும் போகலாம்.

"நான் வாரேன்" என்று இஞ்ஞாசி துண்டை உதறித் தோளில் போட்டான்.

"அண்ணே, ஒங்க நரம்பு வெந்திருக்கு. மறுபடி வில்லை ஒட்டுனா அப்புறம் ஆயுசுக்கும் ருசி திரும்பாது."

"போனாப் போவுது."

எவ்வளவு லேசாகச் சொன்னான்! எச்சில் இலையைத் தூக்கிப் போடுவதுபோல. அவள் அரைத்த தேங்காயும், கரைத்த புளியும், இருபத்தைந்து வருஷமாக அவன் தட்டில் அவள் பரிமாறியதெல்லாம் அந்த ஒரு சொல்லில் போயிற்று. கித்தேரி வாசற்படியில் நின்று வழியை மறித்தாள்.

"நான் உக்காருதேன்."

"ஒனக்கென்ன தெரியும்?"

"பாசி எடுத்தவளுக்கு மூச்ச அடக்கத் தெரியாதாக்கும்? ஒங்க சங்குக்கும் எங்க பாசிக்கும் ஒரே கடல்தான்."

"நீ வேண்டாம் கித்தேரி. யாரு வேணாலும் உக்காரட்டும், நீ வேண்டாம்."

"ஏன்? அவகிட்ட நான் சண்டைக்குப் போயிருவேன்னு பயமா?" அவள் நஸ்ரின் பக்கம் திரும்பினாள். "டாக்டரம்மா, இந்த மனுசன் நாக்க மறுபடியும் அவளுக்குத் தர எனக்கு மனசில்ல. என் நாக்க எடுத்துக்கோங்க."

தியாகம் என்று நஸ்ரின் நினைத்தாள். கண்கூடக் கலங்கினாள். தியாகமாவது! பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற கித்தேரிக்குத்தான் தெரியும் அது என்னவென்று.

இஞ்ஞாசி கொட்டகை வரைக்கும் கூடவே வந்தான். வழியெல்லாம் ஒரே பாட்டு. "எல்லையத் தாண்டுன ஒடனே துப்பிரு. கசக்குதா இல்லையான்னு ருசி பாத்துட்டு நிக்காத. துப்பிரு, அவ வெலகிருவா. கேக்குதா? ருசி பாக்காத." எவ்வளவு பதைப்பு அந்தச் சக்களத்திக்காக என்று கித்தேரி பொருமிக்கொண்டே நடந்தாள்.

வில்லை ஒட்டியபோது தாடையில் சில்லென்றது. பிறகு வாய் நிறையக் கடல். உப்புக்கரிப்பு இல்லை, அது கடலுக்குள்ளேயே இருப்பவளின் வாய், அவளுக்கு உப்பு தெரியாது. மீசைமயிரில் மணல் உரசுவது தெரிந்தது. மூச்சு முட்டியது. கித்தேரி பதினாறு வயதில் பாறையைப் பிடித்துக்கொண்டு கிடந்ததுபோல நெஞ்சைத் தளர்த்தி விட்டாள். அந்தப் பக்கம் இருந்தவளும் தளர்ந்தாள்.

வா, எங்கே போனாலும் நான் வருவேன் என்று மனதுக்குள் கறுவினாள் கித்தேரி. அவன் அப்படி என்ன உன்னிடம் கண்டான் என்று பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

முதல் வாய்ப் புல் வந்தது. அவள் அதுவரை எத்தனையோ பண்டம் செய்திருக்கிறாள், தின்றிருக்கிறாள். அந்த இனிப்புக்கு அவளிடம் ஒப்பு இல்லை. பசியில் தாய்ப்பால் குடித்த வாய்க்குத் தெரிந்திருக்கும், நமக்குத்தான் மறந்துவிடுகிறது. கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது. பாவி, இதையா அவன் தினம் தின்றான்? பொறாமை அடங்கவில்லை, கண்ணுகளா, ஆளைத்தான் மாற்றிக்கொண்டது. அவளைப் பார்த்து எரிந்தது போய், இத்தனை நாள் இதைத் தனியாக அனுபவித்தவனைப் பார்த்து எரிந்தது.

சில நாட்கள் அப்படிப் போயின. எல்லையோரம் போனபோதெல்லாம் துப்பினாள். ஆவுளியா விலகி, மறுபடியும் அங்கேயே வந்து நின்றது. ஒரு காலை நேரம், துப்பியும் கேளாமல் உள்ளே போய்விட்டது.

"அக்கா, ஆத்துவாய்க்குள்ள போயிட்டா! துப்புங்க, துப்புங்க!" நஸ்ரின் கத்துவது எங்கோ கேட்டது.

கித்தேரி துப்பினாள். அந்தப் பக்கம் வாய் இறுகிக்கிடந்தது. பெற்றவளுக்குத் தெரியாதா அந்த இறுக்கம்? மூன்று பிள்ளை பெற்றவள் அவள். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இறுக்கம் விட்டது. வாயில் ஏதோ ஒன்று பட்டது. வழுவழுப்பு, இளஞ்சூடு. ஆவுளியா அதை நாக்கால் தடவித் தடவி, மூக்கால் தள்ளி மேலே மூச்சுக்குக் கொண்டுபோனாள். கித்தேரியின் நாக்கில் ஒரு புது உயிரின் முதுகு ருசித்தது.

குட்டி பால் குடிக்கத் தொடங்கியதும் தாய்க்குப் பசி வந்தது. அடியில் இருந்த புல்லை வேரோடு ஒரு வாய் பிடுங்கினாள்.

கித்தேரி கசப்புக்குத் தயாராக இருந்தாள். துப்ப எச்சிலைக் கூட்டி வைத்திருந்தாள்.

இனித்தது.

இன்னொரு வாய். அதுவும் இனித்தது. தீவுக்குப் பின்னால் மேய்ந்த புல்லைவிட இனித்தது. ஆற்று வண்டல் உண்டு கொழுத்த புல் அல்லவா? இந்தப் புல்லையா இஞ்ஞாசி கசக்கிறது என்றான்? ஒரு வருஷத்துக்கு மேலாகவா?

அவள் கண்ணைத் திறந்தாள். கொட்டகை வாசலில் அவன் நின்றுகொண்டிருந்தான். அவள் முகத்தில் என்ன பார்த்தானோ, அவன் முகம் வெளுத்துப்போயிற்று. தலையை மெல்ல, யாருக்கும் தெரியாதபடி இட வலமாக ஆட்டினான். சொல்லாதே.

அப்போதுதான் கித்தேரிக்கு எல்லாம் விளங்கியது. ஆற்றுவாய் தெளிந்துவிட்டது என்று சொன்னால் வில்லை இறங்கிவிடும். படகு இறங்கிவிடும். எஞ்சின் விசிறி சுற்றும் இடத்தில் ஆவுளியா தங்காது. அதற்காக இந்த மனிதன் பொய் சொல்லியிருக்கிறான். ஊரைக் கவிழ்த்த படகுக்கடியில் போட்டுவிட்டு, தினமும் காலையில் போய்க் கசக்கிறது என்று சொல்லிவிட்டு, சர்க்கரையாகத் தின்றிருக்கிறான்.

ஊர்ப்பசி அவள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அமலியின் மகன் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது வேறு. கல்யாணமான வருஷம், காணாமல்போன ஒரு மோதிரத்துக்காக மாமியார் அவளைத் தெருவில் வைத்துக் கேள்வி கேட்டபோது, "அவகிட்ட இல்ல, நான்தான் தொலைச்சேன்" என்று ஒரு சொல் சொல்லுங்கள் என இவனிடம் கெஞ்சினாள். எனக்குப் பொய் வராது கித்தேரி என்றான். பொய் வராதவனாம்! கட்டியவளுக்காக வராத பொய் ஆவுளியாவுக்காக ஒரு வருஷம் வந்திருக்கிறது.

"அக்கா, ஆத்துவாய்ல எப்படியிருக்கு? சொல்லுங்கக்கா, கசக்குதா?" நஸ்ரின் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

வாயில் இன்னும் அந்த முதுகின் ருசி இருந்தது. கசக்கிறது என்று சொன்னால் போதும், அந்தக் குட்டி இங்கேயே வளரும். ஒரு கணம் அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாசலில் நின்றவன் கை கூப்பினான். அவன் கை கூப்பியதுதான் அவளைக் கிளப்பிவிட்டது. மாதா சன்னிதியில்கூட அப்படிக் கூப்பிப் பார்த்ததில்லை.

"இனிக்குது" என்றாள்.

"சரியாப் பாருங்கக்கா."

"இனிக்குதும்மா. ஓரத்துல, நடுவுல, ஆத்து மணல் வரைக்கும் இனிக்குது. கொண்டுபோய் ஒங்க மீட்டர எறக்கிப் பாருங்க."

நஸ்ரின் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் மெல்லத் திரும்பி இஞ்ஞாசியைப் பார்த்தாள். "அண்ணே, நீங்க போன வாரம்கூட..."

"அவருக்கு நாக்கு எப்பவோ கெட்டுப்போச்சு" என்று கித்தேரி குறுக்கே விழுந்தாள். "வீட்டுலயே தெரியும் எனக்கு. இனிப்பு எது, கசப்பு எதுன்னு பிரிக்கத் தெரியாம ரொம்ப நாளாச்சு. சொன்னா வேலைய விட்டு நிறுத்திருவீங்கன்னு மறைச்சிருக்காரு. பாவம், விடுங்க."

பொய்தான். ஆனால் பாருங்கள், அவளுக்கு அது எவ்வளவு சுலபமாக வந்தது.

பிறகு மாதக்கணக்கில் ஆட்கள் அள்ளி அள்ளிச் சோதித்தார்கள். புல், நண்டு, வண்டல், மீன்முள், ஒன்றையும் விடவில்லை. கூனாறு வருஷா வருஷம் கொண்டுவந்த நல்ல மண் பழைய மண்ணை ஆழப் புதைத்திருந்தது. படகுகள் நிமிர்ந்தன. முதல் மீன்பாடு கரைக்கு வந்த அன்று, அமலி கேரளாவிலிருந்து திரும்பிய மகனை இழுத்துக்கொண்டு வந்து கித்தேரியின் காலில் விழவைத்தாள்.

"மயினி, ஒங்க வாய்க்குச் சர்க்கரை போடணும். ஊரையே காப்பாத்திட்டீங்க. நான் ஒங்கள எவ்வளவு கேலி பண்ணுனேன்!"

கித்தேரி அந்தப் பிள்ளையின் தலையைத் தொட்டாள். தொட்ட கை கூசியது. இவனை நினைத்து அவள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லையே. சாமியார் பிரசங்கத்தில் அவள் பேரைச் சொன்னபோதும், பெண்கள் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தாள். அடக்கம் என்று நினைத்தார்கள்.

எஞ்சின் சத்தம் தொடங்கிய வாரத்தில் பச்சைப் புள்ளி தீவுகளைத் தாண்டித் தெற்கே போயிற்று. வில்லையை நஸ்ரின் சிறிது சிறிதாக இறக்கினாள். கடைசியாகக் கித்தேரியின் நாக்கில் இருந்தது ஒரு மெல்லிய இனிப்பு. அது தேய்ந்து தேய்ந்து, எப்போது போயிற்று என்று தெரியாமல் போயிற்று.

வீட்டில் இஞ்ஞாசி பல நாள் கடலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தான். கோபம் என்றும் சொல்லமுடியாது. ஒரு மத்தியானம், ஊர்க்கடலில் பிடித்த மீனைக் குழம்பாக்கி அவன் முன்னால் வைத்தாள். அவன் பிசைந்தான். வாயில் வைக்கவில்லை.

"ஊருக்காகச் சொன்னியா கித்தேரி?" என்று கேட்டான்.

"இல்ல."

"தெரியும்." சோற்றை விரலால் அளைந்தான். "நாளைக்குச் சொல்லிருவோம், நாளைக்குச் சொல்லிருவோம்னுதான் இருந்தேன். அமலி மகன் முகம் முன்னால வந்து நிக்கும். இன்னும் ஒரே ஒரு நாள்னு தோணும். நீ என்னக் காட்டிக்குடுத்திருக்கலாம்."

"நல்லா இருக்கே! எம் புருஷன ஊரு பேசுறதுக்கா?"

அவன் லேசாகச் சிரித்தான். அதே குழி. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு கடல்பக்கம் திரும்பிவிட்டது.

"இப்ப எங்க இருப்பா? என்னத் தேடுவாளாயிருக்கும்" என்றான்.

"ஒங்களையா?" கித்தேரிக்குச் சுர்ரென்று ஏறியது. "கடைசியா அவ வாய்ல இருந்தது நான். பெத்தப்ப கூடக் கெடந்தது நான். அந்தக் குட்டி முதுக மொத மொத நக்குனது அவளும் நானும். தேடுனா என்னத்தான் தேடுவா."

இஞ்ஞாசி கடலிலிருந்து முகத்தைத் திருப்பினான்.

"குட்டியா? அதையும் ருசி பாத்தியா நீ?"

"பின்ன?"

"எப்படி இருந்துச்சு?"

அவள் ஒரு கவளம் எடுத்துத் தன் வாயில் போட்டு, மெதுவாக மென்றாள்.

"சொல்லு கித்தேரி. எப்படி இருந்துச்சு?"

சொல்வதாக இல்லை அவள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.